லே பயணம்: அம்மாவுக்காகப் போட்ட திட்டம்

முதல் நாள்

கோவையிலிருந்து நேற்று மதியம் கிளம்பி, டில்லி விமான நிலைய நாற்காலிகளில் அரைகுறையாகத் தூங்கி, காலை ஏழரை மணிக்கு லடாக்கில் உள்ள லேயில் இறங்கினோம். இங்கே வரும் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடுமாம்.

கோவை 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லே சுமார் 3,500. தொட்டபெட்டா உச்சியே 2,637 தான் என்று மகளிடம் சொன்னேன். "அப்ப ஊட்டி மேல மருதமலையத் தூக்கி வெச்ச மாதிரியாப்பா?" என்றாள். ஒரு மருதமலை பத்தாது.

இந்தப் பயணத்தின் திட்டம் முழுக்க அம்மாவை நினைத்துப் போட்டது. அம்மாவுக்கு 66 வயது, பத்து வருடமாக பி.பி. மாத்திரை. எங்கள் டாக்டர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, "போலாம், ஆனா லேயில ரெண்டு நாள் முழுசா ஓய்வு" என்றார். டிராவல்ஸ்காரர் முதலில் தந்த பட்டியலில் இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய், ஐயாயிரம் மீட்டருக்கு மேல். சண்டை போட்டு ஐந்தாம் நாளுக்குத் தள்ளினேன். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை அம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஒவ்வாமை உண்டா என்று மூன்று பேரையும் கேட்டார். நான் தினமும் ரேஸ் கோர்ஸை மூன்று சுற்று ஓடுபவன். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தங்கியிருப்பது சங்ஸ்பா பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லம். உரிமையாளரை எல்லோரும் 'அச்சோ' என்கிறார்கள், லடாக்கியில் அண்ணன். அவர் அம்மாவை 'அமாலே' என்று கூப்பிட்டதும் அம்மாவுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. வெளியே காற்றழுத்தம் குறைவு, உள்ளே அடைபட்டிருப்பது கோவைக் காற்று. "பாக்கெட்டுக்கே மூச்சு முட்டுதே சாமி" என்றார் அம்மா. லேயின் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைவு.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பைக் கொண்டுவந்திருக்கிறோம். அம்மா 89, மனைவி 88, மகள் 91, நான் 86. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று அப்போது மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள், மனைவி பதறிவிட்டாள். அச்சோ சிரித்தார். கை சில்லென்று இருந்தால் கருவி தப்பாகக் காட்டும், நன்றாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், அதோடு சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு முதல் நாள் எண்பதுகளில் இருப்பது சகஜம் என்றார்.

மற்ற மூவரும் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார்கள். நான் மட்டும் சாயங்காலம் சாந்தி ஸ்தூபிக்குப் படியேறினேன். ஐந்நூறு படிக்கு மேல் இருக்கும். ஜப்பானியத் துறவி ஒருவர் முன்னின்று கட்டி, 1991-இல் தலாய் லாமா திறந்துவைத்தது. மேலே நின்றால் லே நகரம், பாப்லர் மரங்கள், எதிரே ஸ்டோக் மலைத்தொடரின் பனி. ஏறியது வீண்போகவில்லை. நடுவில் நாலைந்து முறை நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது லேசாகத் தலை வலிக்கிறது. தூக்கம் போதாததால் இருக்கும்.

இரண்டாம் நாள்

திட்டப்படி இன்றும் ஓய்வுதான். ஆனால் அம்மா காலையில் எழுந்து தலைசீவி, புடவை கட்டி, "எங்க போறோம்?" என்று உட்கார்ந்திருந்தார். சரி என்று 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திக்ஸே மடாலயத்துக்குப் போனோம். மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பன்னிரண்டு தளம். உள்ளே மைத்ரேய புத்தர், 15 மீட்டர் உயரம், இரண்டு மாடியை நிறைத்து உட்கார்ந்திருக்கிறார். 1970-இல் தலாய் லாமா வந்ததன் நினைவாக அமைத்தது. சிலையின் முகம் மேல்தளத்தில் நாம் நிற்கும் இடத்துக்கு நேராக வருகிறது. அம்மா வெகுநேரம் கைகூப்பி நின்றார்.

நான் படியில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதியம் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் வாங்கினோம், எனக்கு இறங்கவில்லை. "என்ன கண்ணு, மூஞ்சி சுண்டிப்போயிருக்குது?" என்றார் அம்மா. வெயில் என்றேன்.

படங்கள் நாளை. இன்று கண் கூசுகிறது.

மூன்றாம் நாள்

இதை எழுதுவது அவருடைய மனைவி. பாஸ்வேர்டு மகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு விழித்தேன். குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்கிறார். மருந்துப் பையைத் திறந்தால் பாராசிட்டமால் அட்டையில் ஆறு குழி காலி. நாங்கள் யாரும் போடவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது: நேற்று முழுக்க தலைவலியை மாத்திரை போட்டு மூடிவைத்துக்கொண்டு எங்களோடு மடாலயம் சுற்றியிருக்கிறார்.

கையைத் தேய்த்துவிட்டு கிளிப்பை மாட்டினேன். 72. இன்னொரு விரலில் 73.

அவர் போனில் சிக்னலே இல்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இங்கே எடுக்காது என்று தெரிந்தும் "ஒரு வாரத்துக்கு எதுக்கு" என்று விட்டவர். என்னுடையது ஆபீஸ் கொடுத்த போஸ்ட்பெய்டு, அது வேலை செய்தது. அச்சோ கதவைத் தட்டிய மூன்றாவது நிமிடம் ஸ்வெட்டரோடு வந்து நின்றார். கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் ஸ்ப்ரே டப்பாவைக் காட்டினேன். அது சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், கிளம்புங்கள் என்றார். மகளை அத்தையிடம் விட்டுவிட்டு அவருடைய வண்டியிலேயே போனோம். அரசு மருத்துவமனை, எஸ்.என்.எம். என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது. முழுப்பெயர் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை.

எமர்ஜென்சியில் முதலில் செய்தது பெயர் எழுதியது அல்ல, மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியது. அப்புறம்தான் சீட்டு. டாக்டர் லடாக்கிப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். எந்த நாள் வந்தீர்கள், விமானத்திலா சாலையிலா, முந்தின இரவு எங்கே தூங்கினீர்கள், இருமல் உண்டா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா? எனக்குப் பிரவேசிகா வரை படித்த இந்தி. குமட்டலுக்கு இந்தியில் என்ன என்று அந்த நேரத்தில் வரவே இல்லை. நடித்துக் காட்டினேன். அவர் நல்ல ஆங்கிலத்தில், "நாசியா?" என்றார்.

பிறகு இவரை எழுப்பி நிறுத்தி, ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூளையில் வீக்கம் தொடங்கியிருந்தால் அப்படி நடக்க வராதாம். கம்பிமேல் நடப்பவர் மாதிரி கையை விரித்துக்கொண்டு எட்டு அடி வைத்தார். என் வாழ்நாளில் இவர் நடையை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. தடுமாறவில்லை. மார்பில் ஸ்டெத் வைத்து நெடுநேரம் கேட்டார், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். நுரையீரலில் நீர் கோக்கவில்லை. உயர நோய்தான், ஆனால் ஆபத்தான அந்த இரண்டு வகையும் இல்லை.

"உடனே கீழே கூட்டிப்போகட்டுமா?" என்று கேட்டேன். எங்கோ படித்திருந்தேன், கீழே இறங்குவதுதான் முதல் மருந்து என்று. அது சரிதான், ஆனால் லேயிலிருந்து சமவெளிக்குப் போகும் சாலை எல்லாம் நடுவில் லேயைவிட மேலே ஏறித்தான் இறங்குகிறது என்றார் டாக்டர். ஸ்ரீநகர் சாலையில் ஃபோட்டு லா 4,108 மீட்டர், மணாலி சாலையில் தங்லங் லா ஐயாயிரத்துக்கு மேல். உண்மையில் இறங்க வேண்டுமென்றால் விமானம்தான், அதுவும் விடிந்த பிறகு. இதை நான் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை.

அசெட்டசோலமைடு கொடுக்கும் முன் கேட்டார்: சல்ஃபா ஒவ்வாமை உண்டா? இவரைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் எனக்கும் தெரியாது. அச்சோவின் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். அத்தை தூங்கவில்லை. கேட்டதும் பதில் வந்தது: "ஆறாப்பு படிக்கறப்ப சல்பா மாத்திரை குடுத்து உடம்பு பூரா தடிச்சு, ரெண்டு கண்ணும் வீங்கிப்போச்சு. மூணு நாள் ஜி.எச்.ல கெடந்தான். எங்கீம் சொல்லாம இருந்துட்டானா?"

டாக்டர் அந்த மருந்தை அடித்துவிட்டு டெக்சாமெத்தசோன் ஊசி எழுதினார். அடித்த அந்த அசெட்டசோலமைடும் சல்ஃபா குடும்பம்தான். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகாது, ஆனால் அந்த அளவுக்கு வீங்கியவரிடம் இந்த நேரத்தில் பரீட்சை பார்க்க வேண்டாம் என்றார். வாந்திக்கு ஒரு ஊசி, ஒரு பாட்டில் ட்ரிப்ஸ். அரை மணியில் 93 காட்டியது. நான்கு மணிக்குத் தூங்கிவிட்டார், குறட்டையோடு. அந்தக் குறட்டையை நான் திட்டவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மணாலியிலிருந்து பைக்கில் வந்த ஒரு பையன், அவனும் மூக்கில் குழாயோடு. நல்ல உடற்கட்டு. உடம்பு வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நர்ஸ் சொன்னார். வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், அதுதான் தொல்லையாம். ரேஸ் கோர்ஸ் மூன்று சுற்றுக்காரர் தூங்கிக்கொண்டிருந்ததால் இதைக் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் அச்சோ ஃபிளாஸ்கில் டீயும் ரொட்டியும் கொண்டுவந்தார். சோனம் நோர்பு யார் என்று அவர்தான் சொன்னார். பொறியாளர். 1948-இல் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஊர் ஆட்களை வைத்து லேயில் விமானம் இறங்கத் தரை அமைத்தவர். அந்த மே 24 அன்று முதல் டகோட்டா விமானம் அதில் இறங்கியது. ஆக, நாங்கள் வந்து இறங்கிய இடத்துக்கு அடிபோட்டவர் பெயரில்தான் இவர் படுத்த மருத்துவமனையும்.

மாலை நான்கு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். குழாய் இல்லாமலே 86. சீட்டுக்கும் எக்ஸ்ரேக்குமாகச் சேர்த்து நாங்கள் கட்டிய பணம், நேற்று திக்ஸேயில் துக்பாவுக்குக் கொடுத்ததை ஒட்டித்தான் வந்தது.

நான்காம் நாள்

நான்தான். எழுந்துவிட்டேன்.

மேலே இருப்பதில் குறட்டை தவிர மற்றது உண்மை.

இன்று பெரும்பாலும் படுக்கை, கஞ்சி, ஜன்னல் வழியே தெரியும் பாப்லர் மரம். தலைவலி ஒரு மூலையில் மிச்சமிருக்கிறது. டாக்டர் சொல்லி அனுப்பியதில் ஒன்று மனதில் நிற்கிறது. அந்த ஊசியால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் அது உடம்பைப் பழக்கவில்லை, அறிகுறியை அடக்கியிருக்கிறது. மாத்திரையாகத் தொடரும் இந்த இரண்டு நாளும், அதை நிறுத்தி ஒரு நாள் போகும் வரையும் லேயைவிட மேலே போகக் கூடாது. நானே பாராசிட்டமால் வைத்துச் செய்ததும் அதேதான், மட்டமாக. தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது. இருமல் வந்தாலோ, சும்மா இருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ நேரம் பார்க்காமல் திரும்பி வர வேண்டும்.

அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு ஆறாம் வகுப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு கண்ணும் வீங்கியது இப்போது முகமே வீங்கியதாக வளர்ந்திருக்கிறது. மகள் என் போனில், பூட்டுத்திரையில் தெரியும்படி, சல்ஃபா ஆகாது என்று ரத்த வகையோடு சேர்த்து எழுதிவிட்டாள். அவளுடையதில், அம்மாவுடையதில், அப்பத்தாவுடையதிலும்.

ஐந்தாம் நாள்

போன் நாள். எல்லாம் மனைவியின் போனில்.

காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் இருபது நிமிடம் இசை கேட்டேன். எங்கள் பாலிசியில் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் பணம், நான் இருந்தது பதினான்கு. கட்டிய தொகை சொற்பம் என்பதால் வருத்தமில்லை. ஆனால் விமானத்தில் தூக்கிப்போக வேண்டிய நிலை வந்திருந்தால் அந்தச் செலவை யார் தருவார் என்று கேட்டதற்கு, வரிசையாக மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். கிளம்பும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

டிராவல்ஸ்காரர் பாங்காங் ஏரி கூடாரத்துக்குக் கட்டிய பணம் திரும்பாது என்றார். "சார், அங்க போனா எல்லாம் சரியாயிடும், நல்ல காத்து" என்று வேறு சொன்னார். ஏரி 4,200 மீட்டருக்கு மேல். அங்கே தூங்க வேண்டும், போகும் வழியில் சாங் லா வேறு. அவரோடு இனிப் பேச ஒன்றுமில்லை.

கர்துங் லாவும் பாங்காங்கும் பட்டியலிலிருந்து போயின. மகள் ஏரியைப் பார்க்கத்தான் வந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அச்சோதான் வழி சொன்னார்: மேற்கே போங்கள், சிந்து ஓடும் திசையில், ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வு.

ஆறாம் நாள்

ஆல்ச்சி சுமார் 3,100 மீட்டர். நானூறு மீட்டர் இறக்கம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். வண்டியை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் பசித்தது. நான்கு நாளில் முதல்முறை.

ஊர் முழுக்க பாதாமி (ஆப்ரிகாட்) மரம், வாய்க்கால் தண்ணீர். மடாலயம் மலை உச்சியில் இல்லை, சமதளத்தில், படி ஏறாமலே போகலாம். வெளியே பார்த்தால் மண் வீடு மாதிரி. உள்ளே இருட்டில் கண் பழகப் பழக, சுவரெல்லாம் விரல்நகம் அளவு உருவங்கள். காஷ்மீரப் பாணி ஓவியங்கள், எண்ணூறு ஆண்டுக்கு மேல் பழையவை. மேல்தளம் வரை எட்டி நிற்கும் போதிசத்துவரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும் ஆட்களும் வரைந்திருக்கிறார்கள். படமெடுக்க அனுமதியில்லை, நல்லது. மகள் டார்ச் வெளிச்சத்தில் குதிரைகளை எண்ணினாள். ஏரி பற்றிய பேச்சு மதியத்துக்கு மேல் வரவில்லை.

திரும்பும்போது நிம்முவில் நின்றோம். ஜன்ஸ்காரும் சிந்துவும் சேரும் இடம். இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். குளிக்கும்போது அம்மா தினமும் முணுமுணுக்கும் சுலோகத்தில் காவேரிக்கு முந்தின பெயர் சிந்து. அறுபது வருடமாகச் சொன்ன பெயர் கால்விரலில் சில்லென்று பட்டதும் "ஐயோ சாமி" என்று ஏறிவிட்டார். பிறகு மறுபடி இறங்கி, தலையில் தெளித்துக்கொண்டு, முக்கால் பாட்டில் பிடித்து மூடியை இறுக்கினார்.

"தல வலிக்குதா கண்ணு?"

"கொஞ்சம்."

மனைவி ஒன்றும் பேசாமல் கிளிப்பை எடுத்து நீட்டினாள். 90. பத்து நிமிடம் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

எட்டாம் நாள் – டில்லி

நேற்று லே கடைத்தெருவில் காய்ந்த பாதாமியும் அச்சோவின் பேத்திக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கியதோடு சரி. காலையில் விமான நிலையம் வரை அவரே கொண்டுவந்து விட்டார். அந்த ராத்திரி டீசலுக்குப் பணம் வாங்கவே இல்லை. அம்மா அவருடைய வண்டியின் முன்சீட்டில் இரண்டு பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாயை வைத்துவிட்டார். "ஜூலே" என்றார் அச்சோ. வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய்வருவதற்கும் அங்கே அந்த ஒரு சொல்தான்.

டில்லியில் கதவு திறந்ததும் அடுப்புக்கு முன் நிற்பதுபோல வெயில். நால்வருக்கும் 97, 98. கோவை விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்ததால் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களைத் திணித்துக்கொண்டிருந்தோம்.

அம்மா சிந்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். யாரோ உள்ளங்கையில் வைத்து நசுக்கியதுபோல, தண்ணீருக்கு மேலே இருந்த கால்வாசி உள்வாங்கி ஒடுங்கியிருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. மகள் மூடியைத் திருகினாள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போக, பாட்டில் படக்கென்று நிமிர்ந்தது.